அல்பர்ட் அண்ணனுக்கு முந்தி வந்த இரண்டாயிரம்

எங்கள் கந்தோரில் இரண்டாயிரமாம் ஆண்டு முதன்முதலில் அல்பர்ட் அண்ணனுக்குத்தான் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் மார்கழி முடிந்த பிறகு வந்தது. அவருக்குக் கார்த்திகை மழைக்குள்ளேயே வந்துவிட்டது. இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வந்ததை வந்தது என்றுதான் நான் சொல்வேன்.

மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்தபடி இருந்த அரசாங்கக் கந்தோர் அது. முன்பக்கம் தெரு. பின்பக்கம் தண்ணீருக்கு இறங்கும் கற்படிகள். நான் அங்கே தேநீர் ஊற்றினேன். காலையில் திறந்து கூட்டுவதும் என் வேலை. அல்பர்ட் அண்ணன் பின்பக்கத்துக் கொட்டிலில் நின்ற ஜெனரேட்டருக்குப் பொறுப்பு. காகம் கம்பியில் இருந்து சிறகடித்தாலே கரண்ட் போய்விடுகிற காலம். போன உடனே கந்தோர் முழுவதும் ஒரே குரலில், "அல்பர்ட்!" என்று கூப்பிடும். அவர் பதில் சொல்லமாட்டார். எஞ்சின்தான் பதில் சொல்லும்.

அவர் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கி மனிதர். வாவிக்கு அக்கரையில், கடலோரத்து டச்பாரில் வீடு. அந்த வீடு இப்போது இல்லை. பின்னாளில் கடல் ஊருக்குள் வந்தபோது அதைக் கொண்டுபோய்விட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்கென்று நகரத்துக்கு வந்திருந்ததால் ஆள் தப்பினார். அதெல்லாம் பிறகு நடந்தது. நான் சொல்கிற காலத்தில் அவர் தலை பாதி நரைத்த, நெடிய, கொஞ்சம் கூனல் விழுந்த மனிதர். எஞ்சின் ஸ்ராட் ஆகாவிட்டால் தன் வீட்டுப் போர்த்துக்கீசப் பாஷையில் அதற்கு ஏசுவார். ஸ்ராட் ஆகிவிட்டால் தமிழில் கொஞ்சுவார்.

"ஏன் அண்ணன் இப்பிடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏசுறது அதுக்கு விளங்கப்படாது தங்கச்சி. மறுகா மனசு நொந்து போகும்," என்றார்.

எந்த நேரமும் டீசல் மணக்கும் கை. அந்தக் கையால்தான் வயலின் வாசிப்பார். டச்பாரில் கலியாண வீடு என்றால் அவருடைய வயலின் இல்லாமல் ஆட்டம் தொடங்காது. ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அவர்கள் குடும்பத்தில் இருந்தது. பெண் கலியாண உடுப்போடு வீட்டை விட்டு இறங்கும்போது, பெற்ற தகப்பன் வயலின் வாசித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். அவள் வாசல் படலையைத் தாண்டும் வரைக்கும் வாசிப்பு நிற்கக் கூடாது. அவருடைய தங்கை எடித்துக்கு அவர்களுடைய தகப்பன் அப்படி வாசித்தாராம். தகப்பனுக்கு முந்திய தகப்பனும் அப்படித்தானாம். அல்பர்ட் அண்ணனுக்கு இருந்தது ஒரே மகள், ஜக்குலின். தாய் செத்து, தகப்பன் கையிலேயே வளர்ந்த பிள்ளை. அவளுக்காக அவர் ஒரு மெட்டை வருடக்கணக்காக வைத்திருந்தார். வேறு எந்தக் கலியாணத்திலும் அதை வாசிக்கமாட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டிலுக்குள் இருந்து அதை வாயால் முணுமுணுப்பது மட்டும் எனக்குக் கேட்கும்.

இப்படியிருக்கும்போதுதான் கம்பியூட்டர் கதை வந்தது.

கந்தோருக்குப் புதிதாகக் கம்பியூட்டர்கள் வந்திருந்தன. அவற்றுக்குப் பூப்போட்ட துணியால் உறை தைத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் எல்லோரும் போவார்கள். அந்தப் பெட்டிகளுக்கு வருட முடிவில் திகதி பிழைக்கப் போகிறது, எல்லாக் கந்தோர்களும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. எங்களைப் பழக்குவதற்கு இஷாம் என்றோர் உத்தியோகத்தர் வந்தார். காத்தான்குடிப் பிள்ளை, கொழும்பில் வேலை. எல்லோரையும் கூட்டி இருத்தி, என்னையும் அல்பர்ட் அண்ணனையும்கூடக் கூப்பிட்டு, மெதுவாக விளங்கப்படுத்தினார்.

"இது வருசத்த முழுசா வெச்சிக்காது. கடைசி ரெண்டு இலக்கத்த மட்டும்தான் வெச்சிக்கும். தொண்ணூத்தொம்பது முடிஞ்சா பூச்சியம் பூச்சியம். அப்ப ஆயிரத்துத் தொளாயிரமாம் வருசத்துக்குப் போயிட்டம் எண்டு இது நினைச்சிக்கும். கரண்ட் குடுக்கிற எடத்திலயும் இப்பிடித்தான் பொட்டிகள் இரிக்கி. அதுகளும் கொழம்பினா கரண்டும் நிக்கும்."

"அப்ப நான் பொறக்கவே இல்லையே. சம்பளம் ஆருக்குப் போடும்?" என்று ஒரு கிளாக்கர் பகிடி விட, எல்லோரும் சிரித்தார்கள். கந்தோர்த் தலைவர் கனகசிங்கம் சேர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதிலும் சிரிக்கமாட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் உத்தரவு ஒன்று வந்துவிட்டால் அதன் கடைசி எழுத்து வரைக்கும் செய்து முடிக்காமல் நித்திரை கொள்ளமாட்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகு அல்பர்ட் அண்ணன் எழுந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டா? அப்ப அந்தப் பொட்டிக்குள்ள கல்லடிப் பாலம் இரிக்காதா?"

"பாலமா அண்ணன்?"

"ஓம். தொளாயிரமாம் வருசத்தில பாலம் இல்லையே. என்ட அப்பப்பா வள்ளத்திலதான் கோயிலுக்கு வந்தவர்."

இஷாம் தம்பி சற்று யோசித்தார். "பாலம் இரிக்கும் அண்ணன். திகதி மட்டும்தான் பிழைக்கும்."

"அப்பச் சரி," என்று இருந்துகொண்டார். ஆனால் அவருக்குள் அது போய் இருந்துகொண்டது. அதற்குப் பிறகு நான் கூட்டும்போது பார்ப்பேன், கம்பியூட்டர் அறை வாசலில் நின்று உறை போட்ட பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "தங்கச்சி, அதுக்குள்ள வாவி எவ்வளவு அகலமா இரிக்கும் தெரியுமா? கரையில ஒரு வீடு இல்ல. சோதனைச் சாவடி இல்ல. ஆரும் ஆரையும் எங்க போறாய் எண்டு கேக்கிறதில்ல." அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அந்தத் துணிக்குக் கீழே தண்ணீர் அசைவது போல இருக்கும். நானும் கொஞ்சநாள் அந்த மேசைகளை ஈரத்துணியால் துடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பழக்கங்கள் நடந்தன. கம்பியூட்டர் படுத்தால் கையால் எழுத வேண்டும் என்று, களஞ்சியத்தில் கிடந்த பழைய தட்டச்சுப் பொறிகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஒன்றுக்குள் பல்லி முட்டை இட்டிருந்தது. விரல் மறந்துபோன கிளாக்கர்மார் மழையோடு மழையாகத் தட்டிப் பழகினார்கள். கந்தோர் கூரையிலும் டக்குடக்கு, உள்ளேயும் டக்குடக்கு. அல்பர்ட் அண்ணனுக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: கரண்ட் நின்றால் எஞ்சின் நிற்கக் கூடாது.

பிறகு சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. அல்பர்ட் அண்ணனே வாசித்துச் சொன்னார். வாசிக்க வாசிக்க அவருடைய குரல் கீழே போனது. மார்கழி முப்பத்தோராம் திகதி மத்தியானம் தொடங்கி, புது வருடத்து இரண்டாம் நாள் முடியும் வரைக்கும் ஒருவருக்கும் லீவு இல்லை. பாய் தலையணையோடு வந்து கந்தோருக்குள்ளேயே தங்க வேண்டும். கேற்றை விட்டு ஒருவரும் வெளியே போகக் கூடாது.

ஜக்குலினின் கலியாணம் தை முதலாம் திகதி, அந்தப் புது வருட நாளிலேயே.

அதை மாற்றுவதற்கு வழியில்லை. மாப்பிள்ளை அஷ்லிக்குக் கப்பலில் வேலை. புது வருடம் பிறந்த கையோடு கப்பலுக்குத் திரும்ப வேண்டும். நத்தாருக்கு முந்திய ஆயத்த நாட்களில் கோயிலில் கலியாணம் வைப்பதில்லை. நத்தார் முடிந்து அஷ்லி போவதற்குள் சாமியாருக்குத் தோதான நாள் அது ஒன்றுதான். கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. அந்த நாளில் தகப்பன் கேற்றுக்கு உள்ளே.

"எடித்ட மகன் வாசிப்பானே," என்று சொந்தக்காரர் சொன்னார்களாம். ஜக்குலின் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "டடி வாசிக்காட்டி நான் படலை தாண்டமாட்டன்." அவளுக்குத் தாயின் முகம், தகப்பனின் பிடிவாதம். அல்பர்ட் அண்ணன் சேரிடம் போய்க் கேட்டார். சேர் நோட்டீஸைக் காட்டினார். எனக்கே அந்த நோட்டீஸைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும் போல இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஒத்திகை வந்தது.

வருடம் பிறக்கிற நடுச்சாமத்தை ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும் என்று உத்தரவு. ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சண்டைக் காலத்தில் இருட்டினால் தெருவில் நாய்கூட நடமாடாது. எல்லாவற்றையும் பகலிலேயே முடித்துக்கொள்ளப் பழகியிருந்தோம். கலியாண ஆட்டம் பகலில். கூத்துப் பகலில். ஆகவே நடுச்சாமத்தையும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொள்வதென்று சேர் தீர்மானித்தார்.

"இரவு எண்டா இரவு மாதிரி இரிக்கணும்," என்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டுவித்தார். எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இண்டைக்கு ஒத்திகை எண்டு ஒருத்தரும் நினைக்கப்படாது. இண்டைக்குத்தான் முப்பத்தொண்டு. அப்பிடி நினைச்சு வேலை செய்யுங்க. நான் சொல்லுமட்டும் ஆரும் எடத்த விட்டு அசையப்படாது."

அல்பர்ட் அண்ணன் அதைக் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

அந்த மத்தியானத்தை நான் மறக்கமாட்டேன். வெளியே மழை. தண்ணீரைக் கடலுக்கு விடும் முகத்துவாரம் இன்னும் வெட்டாததால் வாவி ஏறி, பின்பக்கத்துக் கற்படிகளில் பாதி தண்ணீருக்குள். உள்ளே கறுப்புத் துணி, கும்மிருட்டு. கம்பியூட்டர்கள் மட்டும் பச்சையாக வெளிச்சம் விட்டன. ஆட்களின் முகங்கள் எல்லாம் தண்ணீருக்குக் கீழே கிடக்கும் முகங்கள் போல இருந்தன. இஷாம் தம்பி திகதியை மாற்றிவிட்டு, "மாத்தியாச்சு. இப்ப முப்பத்தொண்டு," என்றார். யாரோ கொட்டாவி விட்டார்கள். உண்மையாகவே சாமம் ஆகிவிட்டது போல எனக்கும் கொட்டாவி வந்தது. துணியில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் வந்து நிலத்தில் விழுந்திருந்தது. நிலவு என்று நினைத்தேன். மத்தியானம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நிலவு என்றுதான் நினைத்தேன்.

பன்னிரண்டு அடித்தது. சேர் தானே போய் மெயின் சுவிச்சைக் கீழே இழுத்தார். பச்சை வெளிச்சமும் போனது. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றுமே இல்லை, மழை மட்டும். பிறகு பின்பக்கத்தில் எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது. வெளிச்சம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ, "ஹெப்பி நியூ இயர்!" என்று கத்தினார்கள்.

அதற்குப் பிறகு செங்கலடிப் பக்கம் ஏதோ பிரச்சினை, இராணுவத்தார் பாதையை நேரத்தோடு பூட்டப் போகிறார்கள் என்று கதை வந்தது. நாவற்குடாப் பக்கம் போகிற பஸ் அதுதான் கடைசி என்று என்னை முதலில் அனுப்பினார்கள். மற்றவர்கள் அள்ளுப்பட்டு ஓடினார்கள். சேரும் போனார். பின்பக்கத்துக் கொட்டிலில், எஞ்சின் சத்தத்துக்குள், கதவைச் சாத்திக்கொண்டு நின்ற அல்பர்ட் அண்ணனுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் வந்து திறந்தபோது உள்ளே இருட்டு. கறுப்புத் துணி அப்படியே கிடந்தது. பின்கதவைத் திறந்தேன். மழை விட்டு, வாவி முழுவதும் வெள்ளைப் புகை. தண்ணீருக்கு மேல் தெரிந்த படியில் அல்பர்ட் அண்ணன் இருந்தார். முகம் கழுவி, தலை வாரி, சேட்டின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"புது வருச வாழ்த்துக்கள் தங்கச்சி."

"என்ன அண்ணன்! இரவு முழுக்க இஞ்சயா?"

"டியூட்டியெல்லா. சேர் சொல்லுமட்டும் அசையப்படாது எண்டவர். டீசல் முடிஞ்சுது, எஞ்சின் நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு விளக்கைக் கொளுத்தி வெச்சிக்கொண்டு இருந்தன்."

"ஒண்டும் சாப்பிடல்லயா?"

"அங்க பசிக்கல்ல," என்றார். "இரண்டாயிரத்தில" என்று சொல்லவில்லை. "அங்க" என்றார். "அங்க ஆரும் இல்ல தங்கச்சி. வாவி மட்டும்தான் இருந்துது. தண்ணி வந்து வந்து படியத் தடவிக்கொண்டே இருந்துது. என்ட மனிசி பக்கத்தில இருந்த மாதிரி இருந்துது. நான் கதைக்கல்ல. கதைச்சா நேரம் மாறிப்போயிடும் எண்டு பயம்."

பாணும் பருப்பும் வாங்கிக் கொடுத்தேன். முழுவதையும் சாப்பிட்டார். கனகசிங்கம் சேர் வந்தார். டீசல் முடிந்துவிட்டதைக் கண்டதும் வாசலிலேயே நின்று கத்தினார். டீசல் அப்போது பெர்மிட்டுக்குக் கிடைக்கிற சாமான்.

"ஏன் நிப்பாட்டல்ல நீ?"

"நிப்பாட்டச் சொல்லல்லயே சேர்."

 நேற்றுத் தன் வாயால் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அல்பர்ட் அண்ணன் அந்த இடைவெளிக்குள் தன் காரியத்தைச் சொன்னார். "சேர், முப்பத்தொண்டாம் திகதி டியூட்டியை நான் செஞ்சு முடிச்சிட்டன். மார்கழி முடிவில எனக்கு லீவு தாங்க."

"என்ன விசர்க் கதை இது? அது ஒத்திகை!"

"நத்தார் நடுச்சாமப் பூசை இப்ப எத்தினை வருசமா பின்னேரம் நாலு மணிக்கு நடக்குது சேர். வெயில் எறிக்க எறிக்கத்தான் பாலன் பொறக்கிறார். பூசைக்குப் போன ஆரும் மறுகா ராவைக்கு நடுச்சாமத்தில இன்னொருக்காப் போறதில்ல. முந்தி வெச்சாலும் அது அதுதான். நேத்து நீங்கதானே சொன்னீங்க, இண்டைக்குத்தான் முப்பத்தொண்டு எண்டு."

"அது பூசை. இது அரசாங்கம்."

"ஆண்டவருக்குக் காணும் எண்டது அரசாங்கத்துக்குக் காணாதா சேர்?"

அவர் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் அவருடைய பிழை. பிழை என்று மற்றவர்கள் சொன்னார்கள். எங்கள் ஊரில் பகலில் நடுச்சாமம் பார்த்துப் பழகிய எந்தக் கோயிலாளும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்று நான் சொல்வேன். சேர், "ஏலாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆனால் அவருடைய சத்தம் குறைந்திருந்தது. ஒரு மனிதனை இரவு முழுவதும் மறந்துவிட்டுப் போயிருக்கிறோம் என்பது அவரையும் குத்தியிருக்கும்.

அன்றிலிருந்து கந்தோரில் ஒரு விளையாட்டுத் தொடங்கியது. மற்றவர்கள் தொண்ணூற்றொன்பதில் இருந்தார்கள், அல்பர்ட் அண்ணன் இரண்டாயிரத்தில் இருந்தார்.

"அல்பர்ட் அண்ணே, அங்கால எப்பிடி?"

"குளிர்தான் தம்பி. ஒரு பெனியன் போட்டுக்கொண்டு வாங்க."

"சாமான் விலை?"

"கடை இன்னும் திறக்கல்ல."

சிரித்துக்கொண்டுதான் பதில் சொல்வார். ஆனால் கொட்டிலுக்குள்ளிருந்து அந்த முணுமுணுப்பு மட்டும் பிறகு கேட்கவில்லை. நான் காது வைத்துப் பார்த்தேன். மழை கூரையில் விழுவதுதான் கேட்டது.

நத்தாருக்குக் கிட்டிய ஒரு நாள் ஜக்குலின் தகப்பனுக்குச் சோறு கொண்டு வந்தாள். சேர் எல்லோரையும் முன்கூட்டியே பாய் தலையணை கொண்டுவரச் சொல்லியிருந்தார். அல்பர்ட் அண்ணன் தன்னுடையதைக் கொட்டில் மூலையில் சுருட்டி வைத்திருந்தார். ஜக்குலின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தேநீரோடு போனபோது அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"அன்ரி, அண்டைக்கு டடிட வீடு இதுதானே?"

"எது புள்ள?"

"டடிட பாய் எங்க கிடக்கோ, அதுதானே டடிட வீடு. நான் எங்கட டடி வீட்டில இருந்துதானே வெளிக்கிடணும். இஞ்ச இருந்து வெளிக்கிடுறன்."

 தேநீர்த் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு சேரின் அறைக்குப் போனேன். கடைசிச் சோதனைக்கு வந்திருந்த இஷாம் தம்பியும் அங்கே இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கந்தோரில கலியாணமா?" என்று சேர் எழுந்துவிட்டார்.

"கலியாணம் கோயிலில சேர். இஞ்ச இருந்து வெளிக்கிடுறது மட்டும்தான்."

"இது அரசாங்கக் கட்டடம் இலட்சுமிப்பிள்ளை!"

"ஓம் சேர். அந்தாள் ஒரு ராமுழுக்கக் காவல் நிண்ட கட்டடம்."

சேர் தேநீருக்குக் கை நீட்டினார். நான் தட்டைப் பின்னால் இழுத்தேன். "பதிலச் சொல்லிப்போட்டுக் குடிங்க. இல்லாட்டி நான் இஞ்சயே நிப்பன். இது ஆறும். மறுகா நான் ஊத்தமாட்டன்."

"நீ என்ன என்னை வெருட்டுறியா?"

"ஓம் சேர்."

இஷாம் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "சேர், ஒங்கட நோட்டீஸில ஆக்கள் வெளிய போகப்படாது எண்டுதானே இரிக்கி? உள்ளுக்க வரப்படாது எண்டு இல்லயே. அல்பர்ட் அண்ணன் கேற்று வரைக்கும் போனா ஓடரும் பிழைக்கல்ல, படலையும் தாண்டியாச்சு."

சேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  தேநீரில் ஆடை படர்ந்தது.

"கம்பியூட்டருக்குக் கிட்ட வெச்சுப் பவுடர் போடப்படாது," என்றார் கடைசியில். "தூசி பிடிக்கும்."

தட்டை மேசையில் வைத்தேன்.

முப்பத்தோராம் திகதி எல்லோரும் பாயோடு வந்து படுத்தோம். பெட்டிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கரண்டும் நிற்கவில்லை. விடியக் கொழும்பிலிருந்து போன் வந்தது. அங்கேயும் ஒன்றும் இல்லையாம். ஆனால் இரண்டாம் திகதி முடியும் வரைக்கும் உத்தரவு உத்தரவுதான் என்று சேர் சொல்லிவிட்டார்.

பாலத்துச் சோதனைச் சாவடியில் கலியாண உடுப்போடு இறங்கி ஏறி நடக்க முடியாதென்று, ஜக்குலினை அத்தை எடித் வள்ளத்தில் கொண்டு வந்தாள். மழை ஓய்ந்த காலை. வாவி கண்ணாடி போலக் கிடந்தது. கற்படியில் நாங்கள் எல்லோரும் நின்றோம். மடியில் உடுப்புப் பெட்டி, கையில் குடை, நேராகப் பார்த்தபடி அவள் வந்துகொண்டிருந்தாள். வள்ளம் அசைகிற மாதிரியே தெரியவில்லை. கரைதான் அவளை நோக்கிப் போனது.

கம்பியூட்டர் அறையில் அவளை உடுத்தினோம். பவுடர் வெளி விறாந்தையில். கந்தோரில் கண்ணாடி இல்லை. அணைத்து வைத்திருந்த ஒரு பெட்டியின் கறுப்பு முகத்தில் தன்னைப் பார்த்து அவள் தலைத்துணியைச் சரி செய்தாள். உள்ளே, வெகு தூரத்தில், வெள்ளையாக இன்னொரு பெண் நின்று தலையைச் சரித்துப் பார்த்தாள். அது எந்த வருடத்துப் பெண் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அல்பர்ட் அண்ணன் கோட்டுப் போட்டு, வயலினோடு வாசலில் நின்றார். கைவிரலில் டீசல் கறுப்புப் போகவில்லை. மகளைப் பார்த்தார்.  வயலினைத் தாடைக்குக் கீழே வைத்தார்.

வருடக்கணக்காக வாயால் மட்டும் முணுமுணுத்த அந்த மெட்டு அன்றைக்குத்தான் முழுதாக வெளியே வந்தது. ஆட்டத்துக்கு வாசிக்கிற துள்ளல் மெட்டு என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. நித்திரைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் எப்படி அடி வைப்பானோ அப்படி இருந்தது. அவர் முன்னால் நடந்தார். அவள் பின்னால் நடந்தாள். கிளாக்கர்மார் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். நான் அழுதேன், எடித் அழுதாள், அந்தப் பகிடிக்காரக் கிளாக்கர்கூட மூக்கைத் துடைத்தார். கேற்றைக் கனகசிங்கம் சேர் தன் கையாலேயே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அங்கேதான் வாசிப்பு நிற்க வேண்டும். அங்கேதான் அல்பர்ட் அண்ணன் திரும்ப வேண்டும்.

அவர் நிற்கவில்லை. கண் மூடியிருந்தது. கேற்றைத் தாண்டினார், தெருவில் இறங்கினார், வாசித்துக்கொண்டே கோயில் பக்கம் நடந்தார். மகளும் பின்னால் நடந்தாள்.

"அல்பர்ட்!" என்று சேர் கூப்பிட்டார்.

ஒருமுறைதான் கூப்பிட்டார். இன்னொரு முறை கூப்பிட வாயைத் திறந்ததை நான் கண்டேன். கூப்பிடவில்லை. கேற்றை மெல்லச் சாத்திவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் பின்பக்கத்துக் கொட்டிலுக்குப் போனார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டு போனபோது எஞ்சினுக்குப் பக்கத்தில், அல்பர்ட் அண்ணனின் ஸ்டூலில் இருந்தார். வெள்ளைச் சேட்டில் ஏற்கெனவே ஒரு கறுப்புக் கறை. தெருவில் வயலின் இன்னும் கேட்டது. வளைவு திரும்பியிருக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே போய், சுற்றி, வேறு பக்கத்தால் வருகிற மாதிரிக் கேட்டது.

"இத எப்பிடி ஸ்ராட் பண்றது எண்டு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும் சேர்? முதல்ல ஏசணும் எண்டு மட்டும் தெரியும்."

அவர் எஞ்சினை உற்றுப் பார்த்தார். அதற்கு என்ன ஏசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. தேநீரை வாங்கிக்கொண்டு, கோயில் மணி அடிக்கும் வரைக்கும் அங்கேயே காவல் இருந்தார்.